அங்கிக்குள் டிராக் பேண்ட்

"அங்கியக் கழட்டிட்டு ஃப்ரீயா இருங்க" என்று ரோஸ் அக்கா மூன்றாவது தடவையாகச் சொன்னார். நானும் மூன்றாவது தடவையாக, "பரவாயில்லக்கா" என்றேன்.

சவுதியில், அல் கோபாரில் நான்காவது மாடியில் ஒரு வீடு. பழுப்பு நிற சோபா. கண்ணாடி மேஜையில் இஞ்சி தட்டிப் போட்ட டீ, ஒரு தட்டில் முறுக்கு, இன்னொன்றில் பேரீச்சம்பழம். குளிர் காலம் தொடங்கி ஏசியைக்கூட அணைத்துவிட்டிருந்தார்கள். எனக்கு மட்டும் பிடரியில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

தரை தொடும் கறுப்பு அங்கி, அதில் மேலிருந்து கீழ்வரை பிரஸ் பட்டன். அபாயா என்பார்கள், எங்கள் நர்ஸ் ஹாஸ்டலில் பர்தா என்போம். முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டன் பல நாளாகவே சரியாகப் பிடிக்காது. அதனால் இரண்டு காலையும் ஒட்டி, சோபாவுக்கு அடியில் இழுத்து வைத்திருந்தேன். உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது.

எதிரே அமர்ந்திருந்தவர் பெயர் அருள். ஜுபைலில் ஒரு ஆலையில் டெக்னீஷியன். என்னைப் பெண் பார்க்க வந்தவர். ரோஸ் அவருடைய கூடப்பிறந்த அக்கா. அக்காவின் கணவர் ஓரமாக உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். அக்காவும் அங்கியோடுதான் நடமாடினார். "பிள்ளைய டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வரணும்லா, திரும்ப யாரு போட்டுக்கிட்டு இருக்கதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அதற்கு முன்னால் மூன்று வரன் வந்து தட்டிப் போயிருந்தது. அதற்கெல்லாம் நான் ரொம்ப வருத்தப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அருளோடு போனில் இரண்டு தடவை பேசியிருந்தேன். தன்னுடைய வேலையைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளாமல், "வால்வ் லீக் ஆச்சுன்னா என்னைக் கூப்பிடுவாங்க, லீக் ஆகலன்னா யாருக்கும் என் ஞாபகம் வராது" என்று சொன்னவர். அந்த ஒரு பேச்சுக்கே எனக்குப் பிடித்துப் போயிற்று. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அப்படி ஆசைப்பட்டவள் அங்கிக்குள் என்ன போட்டுக்கொண்டு போயிருந்தேன் என்றால், ஒரு மரூன் டிராக் பேண்ட், ஒரு மஞ்சள் ஜெர்சி.

உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?

போன வாரம் இந்தப் பத்தியில் ஹாஸ்டல் சமையலறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "வெளியே போக அங்கே என்ன உடுத்துவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, அந்தக் காலத்தில் நாங்கள் ஒன்றுமே உடுத்தவில்லை. பதற வேண்டாம், வெளியே போக என்று தனியாக ஒன்றும் உடுத்தவில்லை என்று சொல்கிறேன்.

டியூட்டிக்கு யூனிஃபார்ம். அறையில் டிராக் பேண்ட்டோ நைட்டியோ. கடைக்குப் போக வேண்டுமா, அறையில் போட்டிருப்பதன் மேலேயே அங்கியை மாட்டு, பட்டனை அமுக்கு, வேன் வந்துவிட்டது ஓடு. அவ்வளவுதான். ஆணியில் அங்கி எப்போதும் தொங்கும். சோறு வடித்துக்கொண்டே கேஸை அணைத்துவிட்டு இரண்டு நிமிஷத்தில் மாலுக்குக் கிளம்பியவர்கள் உண்டு.

புதிதாக வந்தபோது நான் அப்படி இல்லை. ஊரிலிருந்து ஏழு சுடிதார் கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டு, பொருத்தமான வளையல் போட்டு, அதன் மேல் அங்கியை மாட்டுவேன். என் அறைத்தோழி பிரேமா, திருச்சிக்காரி, கட்டிலில் படுத்தபடியே பார்த்துச் சிரிப்பாள்.

"யாருக்குடி இந்த அலங்காரம்? பட்டனுக்கா?"

மூன்று மாதம் தாங்கினேன். நான்காவது மாதம் டிராக் பேண்ட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வருஷத்தில் சுடிதார் ஏழும் பெட்டிக்குள் போய்விட்டன. பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்த துணியைப் போல ஒரு நிம்மதி கிடையாது. கட்டவும் வேண்டாம், இறுக்கவும் வேண்டாம்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்பது எங்களுக்குள் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டோம். மாலில் நேருக்கு நேர் வரும் இன்னொரு நர்ஸின் அங்கிக்குக் கீழே இரண்டு வெள்ளைக் கோடு போட்ட பேண்ட் முனை எட்டிப் பார்க்கும். அவள் என்னுடையதைப் பார்ப்பாள். இரண்டு பேரும் சிரிக்காமல் போவோம்.

மாரிசெல் கொடுத்த ஜெர்சி

அந்த மஞ்சள் ஜெர்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒருமுறை விளையாட்டு நாள். பிலிப்பைன்ஸ்காரிகள் வாலிபால் ஆடுவார்கள், நாங்கள் கைதட்டுவோம். மாரிசெல் என்று ஒருத்தி, எங்கள் வார்டுதான், நன்றாக ஆடுவாள். அவள் கனடாவுக்குக் கிளம்பும்போது பெட்டியில் இடமில்லை என்று தன் ஜெர்சியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். முதுகில் பெரிய எழுத்தில் அவள் பெயர், அதற்குக் கீழே எட்டு என்று ஒரு எண்.

மரூன் பேண்ட் நானே வாங்கியது. வாங்கின புதிதில், டிராக் பேண்ட்டை இஸ்திரி போடக் கூடாது என்று தெரியாமல் போட்டுவிட்டேன். வலது தொடையில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அளவுக்கு உருகி, பளபளப்பாக ஒரு தழும்பு. தூக்கிப் போட மனசு வரவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் அப்போதும்.

ஆண்கள் கதை வேறு. அவர்களுக்கு மூடிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வாரம் ஆறு நாளும் கிரீஸும் தூசியுமாகக் கவரால் என்கிற வேலை உடுப்பு. ஏழாவது நாள் குளித்து, தலை சீவி, பவுடர் போட்டு, டிராக் சூட்டும் வெள்ளை ஷூவும் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் இறங்குவார்கள். ஓடவும் போவதில்லை, ஆடவும் போவதில்லை. ஊருக்குப் பணம் அனுப்பி, ஷவர்மா தின்று, கண்ணாடிக் கடைகளைச் சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். இன்றைக்கு எனக்கு டியூட்டி இல்லை என்று ஊருக்குச் சொல்லும் உடுப்பு அது.

என் தம்பி ஷார்ஜாவில் முவைலா பக்கம் இருக்கிறான். ஒருமுறை அவனைப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம் டீக்கடை முன்னால் முப்பது பேர் நிற்கிறார்கள், முப்பது பேர் முதுகிலும் எண். "இதுல எத்தனை பேருடா பந்து ஆடுவாங்க?" என்று கேட்டேன். "ஒருத்தனும் ஆட மாட்டான் அக்கா. வேர்த்தா சீக்கிரம் காயும், அதான்" என்றான். அவன் மட்டும் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தான். நான் வருகிறேன் என்று போட்டானாம். என் உடன்பிறப்பா இவன் என்று நினைத்துக்கொண்டேன்.

வேன் நாலு மணிக்கு

சரி, என் கதைக்கு வருகிறேன். பெண் பார்ப்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாலில் குடும்பங்கள் உட்காரும் பகுதியில் என்று பேசியிருந்தார்கள். அதற்காகப் பெட்டியிலிருந்து ஒரு நீலச் சுடிதாரை எடுத்து, இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தேன். மனசாட்சிப்படி சொல்கிறேன், எடுத்து வைத்திருந்தேன்.

முந்தின ராத்திரி டியூட்டி முடித்துக் காலையில் வந்து படுத்தவள், அலாரத்தைத் தூக்கத்திலேயே அணைத்துவிட்டேன். பிரேமா வந்து உலுக்கும்போது நாலு மணிக்குப் பத்து நிமிஷம். ஹாஸ்டல் வேன் நாலு மணிக்குப் புறப்பட்டால் புறப்பட்டதுதான், அடுத்த வேன் அடுத்த வெள்ளிக்கிழமை. அந்தப் பத்து நிமிஷத்தை முழுக்க முகத்துக்குச் செலவழித்தேன். கண்மை, பொட்டுக் கம்மல், உதட்டில் லேசாகச் சாயம். கையில் ஊரிலிருந்து அப்பா அனுப்பிய வளையல். சுடிதாரைப் பார்த்தேன், மணியைப் பார்த்தேன். மாலில் யார் அங்கியைக் கழட்டச் சொல்லப் போகிறார்கள் என்று போட்டிருந்ததன் மேலேயே மாட்டிக்கொண்டு ஓடினேன்.

என் கணக்கில் தப்பில்லை. தொழுகை நேரத்தை மறந்ததுதான் தப்பு. அப்போதெல்லாம் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். நான் போய்ச் சேரவும் மாலைத் தொழுகை வரவும் சரியாக இருந்தது. ரோஸ் அக்கா மால் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அரை மணி நேரம் எதுக்கு இங்க நிக்கணும்? வீடு பக்கத்துலதான். வாங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போகலாம்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது. வீடு என்றால் அங்கியைக் கழட்ட வேண்டும். இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் வந்து அங்கியோடு உட்கார்ந்திருந்தால், நான் உங்களோடு ஒட்டப்போவதில்லை என்று சொல்வதற்குச் சமம்.

அருள் அன்றைக்கு வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கோடு நெஞ்சின் குறுக்கே அப்படியே இருந்தது. சட்டைப் பையில் ஒட்டியிருந்த அளவுச் சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சங்கடம் கூடிற்று. அந்த மனிதர் எனக்காகப் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறார். நான் மாரிசெல்லின் ஜெர்சியில் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று தடவை கழட்டச் சொன்னார்கள், மூன்று தடவையும் மறுத்தேன். நாலாவது தடவை அக்கா சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வார்டில் ஒரு நோயாளியின் போர்வையை விலக்கும் முன்னால் நாங்கள் பார்க்கும் பார்வை அது.

அப்பா கேட்ட கேள்வி

மறுநாள் காலையில் அப்பாவிடமிருந்து போன். குளச்சல் பக்கத்தில் கடற்கரையிலேயே எங்கள் வீடு. அப்பா கட்டுமரத்திலும் பிறகு விசைப்படகிலும் தொழில் பார்த்தவர். அம்மா இறந்து அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் போனில் சத்தமாகத்தான் பேசத் தெரியும். அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"மக்ளே, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா. என்ன, மெதுவா பேசுதிய?"

வாசல் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"உள்ளதச் சொல்லு மக்ளே. உனக்கு ஒடம்புல ஏதும் உண்டா?"

எனக்குப் புரியவே இல்லை. என்னப்பா என்றேன்.

"தோல்ல ஏதும் படையோ, தீக்காயமோ. தரகர் கூப்பிட்டாரு. மாப்பிள்ளைக்கு அக்கா சொல்லியிருக்கா, பொண்ணு எத்தன சொல்லியும் அங்கியக் கழட்டலன்னு. எதையோ மறைக்குதுன்னு சொல்லுதாவ. உங்கம்ம இருந்தா அவ கேப்பா. நான் கேக்க வேண்டி வந்துட்டு."

ஒரு மகளிடம் அப்பா கேட்கக் கூடாத கேள்வி அது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. தினம் எத்தனை பேர் உடம்பைத் துடைத்து, புண்ணைக் கழுவி, துணி மாற்றிவிடுகிறேன். ஒருத்தரையும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. என் உடம்பை இரண்டு நாட்டில் நாலு பேர் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

"அப்பா, உள்ள டிராக் பேண்ட் போட்டிருந்தேன். வேனுக்கு நேரமாயிட்டு. அதான் கழட்டல. வேற ஒரு மண்ணும் இல்ல."

அப்பா பெருமூச்சு விட்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. தரகர் நம்பவில்லை என்பது சாயங்காலமே தெரிந்துவிட்டது. பெண் பார்க்கப் போகிற இடத்துக்கு யாராவது டிராக் பேண்ட்டோடு போவார்களா என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். இங்கே இருக்கிறவர்களுக்குத்தான் அது விளங்கும், ஊரில் யாருக்கு விளங்கும்? கடைசியாக ஒரு யோசனை சொல்லி அனுப்பினார்கள். பெண் ஆஸ்பத்திரியில்தானே வேலை பார்க்கிறது, ஒரு லேடி டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால் பேச்சு முடிந்தது.

பிரேமாவிடம் சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாங்கிக் குடுத்துருவியா?"

"செத்தாலும் குடுக்க மாட்டேன்."

"அப்ப வரன் போச்சுல்ல?"

"போகட்டும்" என்றேன். வாய்தான் சொன்னது. வால்வ் லீக் ஆகாவிட்டால் தன் ஞாபகம் யாருக்கும் வராது என்று சொன்ன மனிதரின் ஞாபகம் எனக்கு நாள் முழுக்க இருந்தது. ராத்திரி டியூட்டிக்குப் போகும் முன் அவருக்கு நானே போன் செய்தேன். போனில் மூன்றாவது பேச்சு அது.

"வர்ற வெள்ளிக்கிழமை கார்னிஷுக்கு வாங்க. உங்க அக்காவையும் கூட்டிட்டு வாங்க. சர்டிபிகேட்ட அங்க வச்சுக் காட்டுதேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "எனக்கு அந்த சர்டிபிகேட் பேச்சே பிடிக்கல" என்றார்.

"பிடிக்கலன்னா உங்க அக்காட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்று ஒத்துக்கொண்டார்.

கார்னிஷில் ஒரு வெள்ளிக்கிழமை

பிரேமாவும் நானும் வேனில் போய்க் கடலோர நடைபாதையில் இறங்கினோம். கடல் அமைதியாக இருந்தது. புல்தரையில் பாய் விரித்துக் குடும்பங்கள், சைக்கிள் விடும் பிள்ளைகள், கைவீசி நடக்கிறவர்கள். அந்த வருஷம்தான், வெளிநாட்டுப் பெண்கள் அங்கி போட வேண்டிய கட்டாயம் இல்லை என்று பேச்சு பரவியிருந்தது. மால்களில் ஒன்றிரண்டு வெள்ளைக்காரிகள் இல்லாமலும் நடந்தார்கள். எங்கள் ஹாஸ்டலில் ஒருத்திகூடத் துணியவில்லை. அங்கி இல்லாமல் வாசலைத் தாண்டினால் கால் நடுங்கும் என்பாள் பிரேமா.

ரோஸ் அக்கா ஃப்ளாஸ்க்கோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அருள் கம்பெனி பஸ்ஸில் ஜுபைலிலிருந்து நேராக வந்திருந்தார். ஊதா நிற டிராக் சூட், கழுத்துவரை ஜிப். என்னைப் பார்க்க வர இதுதான் கிடைத்ததா என்று ஒரு நொடி எனக்குச் சுள்ளென்று வந்தது. அடுத்த நொடி, இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று வாயை மூடிக்கொண்டேன்.

"உக்காருங்க" என்றார் அக்கா. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தைரியம் போய்விடும்.

பட்டனை மேலிருந்து இழுத்தேன். வரிசையாகக் கழன்றன. சரியாகப் பிடிக்காத அந்தக் கடைசிப் பட்டன் மட்டும் அன்றைக்கென்று பிடித்துக்கொண்டது. பிரேமா குனிந்து பிய்த்துவிட்டாள். அங்கியைக் கழட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு நின்றேன். அதே மரூன் பேண்ட், அதே மஞ்சள் ஜெர்சி. வேண்டுமென்றேதான் அதைப் போட்டுப் போயிருந்தேன்.

வெளியே, பகலில், முழங்கைக்குக் கீழே கடல் காற்றுப் பட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பயமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. பாயில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பாட்டைப் பார்த்தது.

"இதுதான் அக்கா நான் மறைச்சது" என்றேன். கையை நீட்டிக் காட்டினேன், இரண்டு பக்கமும் திருப்பி. தொடையில் இருந்த இஸ்திரித் தழும்பைத் தொட்டேன். "தீக்காயம் ஒண்ணு உண்டு. அது இந்த பேண்ட்டுக்கு." பிறகு முதுகையும் காட்ட வேண்டும் என்று தோன்றியது. திரும்பி நின்றேன்.

கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து அருள் கேட்டார்.

"யாரு மாரிசெல்?"

பிரேமா முதலில் சிரித்தாள். பிறகு நான் சிரித்தேன், கண்ணில் நீரோடு. திரும்பிப் பார்த்தால் அவர் நிஜமாகவே பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். நான் கனடா கதையைச் சொன்னேன். "வாலிபாலா? எங்க கேம்ப்ல நானும் ஆடுவேன்" என்றார். அவர் டிராக் சூட் ஆட்டத்துக்காக வாங்கியதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அறிந்தவரை டிராக் சூட் போட்டு நிஜமாகவே ஆடும் ஒரே ஆண்பிள்ளை அவர்தான்.

ரோஸ் அக்கா ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி முதல் கப்பை எனக்குக் கொடுத்தார். அருள் அக்காவிடம், "இனி சர்டிபிகேட் கிர்டிபிகேட்னு யாரும் பேசக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அடுத்த லீவில் ஊரில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது பட்டுச் சேலைதான் கட்டியிருந்தேன், கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

மைனி பெட்டி கட்டியபோது

இப்போது கோபாரில் அங்கி இல்லாமலும் நடக்கிறோம். அதில் எங்களுக்கு ஒரு புதுத் தொல்லை வந்தது. திடீரென்று ஒருநாள் வெளியே போட ஒரு துணியும் இல்லை என்று கண்டுபிடித்தோம். இத்தனை வருஷம் உள்ளே இருந்த டிராக் பேண்ட் அப்படியே வெளியே வந்துவிட்டது. கடைக்கு, கார்னிஷுக்கு, மகளின் பள்ளிக்கூட மீட்டிங்குக்குக்கூட அதுதான். "மம்மி, ப்ளீஸ், நாட் தட் ஒன்" என்று என் மகள் கெஞ்சுவாள். அவளுடைய டிராக் பேண்ட் வேறு தினுசு, கணுக்காலில் இறுக்கிப் பிடிக்கும். அதுதான் ஸ்டைலாம். என்னுடையது தொளதொளவென்று இருக்கிறதாம்.

சில மாதம் முன்பு ரோஸ் அக்கா, இப்போது எனக்கு நாத்தனார், எங்கள் பேச்சில் மைனி, ஊரோடு போய்விட முடிவு செய்தார்கள். வீட்டுக்காரரின் வேலை முடிந்துவிட்டது. நான் போய்ப் பெட்டி கட்ட உதவினேன். அலமாரியிலிருந்து நாலு அங்கி வந்தது. எடுத்துப் போவதா, கொடுத்துவிடுவதா என்று மைனி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். அதே பழுப்பு சோபா. ஒரு பக்கம் அமுங்கிப் போயிருந்தது.

"அன்னைக்கு நான் இதுக்குள்ள என்ன போட்டிருந்தேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் திடீரென்று.

எனக்கு எந்த நாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

"நைட்டி. நெஞ்சு முழுக்க மீன் குழம்பு. உங்களையெல்லாம் மால்ல வச்சுத்தான பாக்கப் போறோம்னு அப்படியே மாட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்ததும் டீ, முறுக்குன்னு ஓடுனதுல மாத்த நேரம் கிடைக்கல. டியூஷனும் இல்ல ஒண்ணும் இல்ல, அன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா. பிள்ளை கீழ்வீட்டுல விளையாடிட்டு இருந்தா."

வெள்ளிக்கிழமை டியூஷன் கிடையாது என்பது எனக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை.

"பின்ன எதுக்கு மைனி என்னக் கழட்டு கழட்டுன்னு சொன்னிய?"

"நீ கழட்டிட்டேன்னா எல்லாரும் உன்னப் பாப்பாங்க. என்ன யாரும் பாக்க மாட்டாங்கன்னுதான்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. விளையாட்டுக் கோபம் இல்லை, நிஜக் கோபம். "உங்களுக்கு அது தெரிஞ்சிருந்தும், நான் எதையோ மறைக்கேன்னு எங்க அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினியளே மைனி" என்றேன். மைனி அங்கியை மடித்துக்கொண்டே இருந்தார். "சொன்னேன். நான் மறைச்சதால, நீயும் மறைக்கேன்னு மட்டும் தெரிஞ்சுது. என்ன மாதிரி துணியத்தான்னு தோணல. அது என் தப்புதான்" என்றார். இரண்டு பேருமாகப் பெட்டியைப் பூட்டினோம்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். இப்போது அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நான் பிள்ளை பெற்ற சமயத்தில்கூட, அப்பா என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "சாப்பிட்டியா மக்ளே?" அதோடு நிறுத்திக்கொள்வார். அது அவருடைய சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

மைனியின் நைட்டிக் கதையைச் சத்தமாகச் சொன்னேன். அப்பா சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். திரையில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

"அப்போ அன்னைக்கு நான் உன்னட்ட அதக் கேட்டிருக்க வேண்டாம், இல்லியா மக்ளே?"

"விடுங்கப்பா" என்றேன். அவர் விடவில்லை.

"நீ டிராக் பேண்ட்டுன்னு சொன்னப்பமே நான் நம்பிட்டேன். நம்பிட்டேன்னு உன்னட்ட சொல்ல விட்டுப் போச்சு."